செந்துறை ரோடு எப்படி இருக்கு? மேப்புக்கு யார் சொல்றது?

2024 டிசம்பர் 2, திங்கள்கிழமை காலை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து முழுசா ரெண்டு நாள்கூட ஆகவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோடு தென்பெண்ணை பெருக்கெடுத்து, விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஏறி ஓடியது. ரெண்டு பக்கமும் வண்டிகள் அப்படியே நின்றன. சரி, ரயிலில் போகலாம் என்றால் அதுவும் இல்லை. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் அந்தப் பாதையும் முடங்கியது. வார இறுதிக்கு ஊருக்கு வந்து, திங்கள் காலை சென்னை ஆபீசில் இருக்க வேண்டிய பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு அன்றைக்குப் போக வழியே இல்லை என்ற நிலைமை.

மேப்பைத் திறந்தால் மாற்றுப் பாதை காட்டுமே என்று தோன்றும். இங்கே ஒரு பூகோளச் சிக்கல் இருக்கு. தென்பெண்ணை கர்நாடகத்தில் பிறந்து கடலூர் பக்கம் கடலில் சேருகிறது. சென்னையிலிருந்து நம்ம பக்கம் வருகிற எந்த ரோடாக இருந்தாலும் அந்த ஆற்றை எங்கேயாவது ஒரு இடத்தில் தாண்டியே ஆகணும். அதைத் தாண்டி வந்தால் அடுத்தது வெள்ளாறு. ஆக, 'வேற வழி' என்று ஆப் காட்டுவது பெரும்பாலும் வேற பாலம். அந்தப் பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியுமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். சென்னைக்காரருக்கு ஒரு பதிலும், செந்துறைக்காரருக்கு வேறொரு பதிலும் வருகிறது.

மேப்புக்குக் கண் எது?

மேப்பில் தெரியும் பச்சை, ஆரஞ்சு, சிவப்புக் கோடுகளை சாட்டிலைட் படம் எடுத்து அனுப்புகிறது என்று இன்னும் நிறைய பேர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது நம்ம பாக்கெட்டில் இருக்கும் போன். லொகேஷன் ஆன் ஆகியிருக்கும் ஒவ்வொரு போனும், தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகருகிறது என்ற தகவலை, பெயர் ஊர் இல்லாமல், அனுப்பிக்கொண்டே இருக்கு. ஒரு ரோட்டில் வழக்கமாக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் போன்கள் எல்லாம் திடீரென 8 கிலோமீட்டரில் ஊர்ந்தால், அங்கே கோடு சிவப்பாகிறது. கூகுள் இப்படிப் போன்களிடமிருந்து போக்குவரத்துக் கணக்கு எடுப்பதை 2009-ல் விரிவாக்கியது. இந்தியாவில் 2012-ல் இந்த வசதி வந்தபோது சென்னை உட்பட ஆறு நகரங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

இது நாம் எதுவும் செய்யாமலே நடக்கும் பங்களிப்பு. இன்னொன்று, நாமே கையால் தட்டிச் சொல்வது: 'இங்கே விபத்து', 'ரோடு மூடியிருக்கு', 'லாரி ரிப்பேராகி நிற்குது'. இந்த இரண்டாவது வகையைப் பிரபலமாக்கியது வேஸ் என்ற இஸ்ரேல் ஆப். ரோட்டில் போகிறவர்களே மேப்பை வரைந்து, அவர்களே திருத்துவது என்ற யோசனையில் ஆரம்பித்த அந்த நிறுவனத்தை 2013-ல் கூகுள் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. அதன் பிறகு வேஸ் பயனர்கள் சொல்லும் தகவல் கூகுள் மேப்பிலும் வர ஆரம்பித்தது. 2024 ஜூலையில் இந்தியப் பயனர்களுக்கு இந்த ரிப்போர்ட் வசதியை எளிமையாக்கினார்கள். ஒருவர் சொன்னதை அடுத்து வருகிறவர் 'ஆமாம், இன்னும் இருக்கு' என்று ஒரு தட்டில் உறுதிசெய்யலாம். அதே ஆண்டு நவம்பரில் தண்ணீர் தேங்கிய ரோடு, பனிமூட்டம் இரண்டுக்கும் எச்சரிக்கை சேர்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் புதுசு இல்லை. எதிரே வருகிற லாரி ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடித்தால் 'முன்னாடி செக்கிங் இருக்கு' என்று அர்த்தம். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இந்தப் பக்கம் ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்பதும் இதே வேலைதான். டீக்கடைக்காரர் 'போகாதீங்க தம்பி' என்று சொல்லும்போது ஏன் என்றும் சேர்த்துச் சொல்வார். சிவப்புக் கோடு அதைச் சொல்லாது.

2020-ல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார். ஒரு சின்ன இழுவண்டியில் 99 பழைய போன்களைப் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு செக்கச்செவேலென்று சிவந்தது. இந்தியா போன்ற நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டோம், இழுவண்டியை இன்னும் கற்கவில்லை என்று கூகுள் தரப்பில் கிண்டலாகப் பதில் வந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். 99 போன் இருந்தால் இல்லாத நெரிசல் தெரியும் என்றால், ஒரு போன்கூட இல்லாத ரோட்டில் என்ன தெரியும்?

போன் போகாத ரோடு

செந்துறைக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்தின் தாலுகா தலைநகரம். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் ஸ்டேஷன் உண்டு. ஒரு காலத்தில் கடலாக இருந்த மண். அதனால்தான் இங்கே தோண்டினால் கடல் உயிரிகளின் புதைபடிவமும், சிமென்ட் ஆலைகளுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் கிடைக்கிறது. அந்தக் கல்லை ஏற்றிய டிப்பர் லாரிகள்தான் மாவட்ட ரோடுகளின் நிரந்தர வாடிக்கையாளர்கள். அரியலூர்–செந்துறை ரோட்டில் பகலில் வண்டிகள் இருக்கும், போன்கள் இருக்கும், மேப்பில் நிறமும் இருக்கும். அதை விட்டு உள்ளே கிராமத்து ரோட்டுக்குள் திரும்பினால் ராத்திரி 2 மணிக்கு எத்தனை போன் நகரும்?

அந்த நேரத்தில் மேப் என்ன செய்கிறது என்றால், பழைய கணக்கையும் அது எந்த மாதிரி ரோடு என்பதையும் வைத்து நேரத்தை மதிப்பிடுகிறது. தப்பு என்று சொல்ல முடியாது. அதற்கு வேற வழி இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஆள் அரவமில்லாத நல்ல ரோடும், இடுப்பளவு தண்ணீர் ஓடுகிற தரைப்பாலமும் அதன் பார்வையில் ஒண்ணுதான். ரெண்டிலும் நெரிசல் இல்லை. சொல்லப்போனால், வெள்ளம் வந்த ரோட்டில் யாருமே போகாததால் அது ரொம்ப 'ஃப்ரீ'.

இது கற்பனை பயம் இல்லை. செந்துறை தாலுகாவின் வடக்கு எல்லை வெள்ளாறு. அக்கரை கடலூர் மாவட்டம். இக்கரையில் கோட்டைக்காடு, அக்கரையில் பெண்ணாடத்தை ஒட்டிய சௌந்திரசோழபுரம். இந்த ரெண்டுக்கும் நடுவே ஆற்றில் போட்ட தற்காலிகத் தரைப்பாலம் மழைக்காலத்தில் அடித்துப் போவதும், ஜனங்கள் சுற்றிக்கொண்டு போவதும் இந்தப் பக்கத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பாலம் போன அன்றைக்கே ரெண்டு கரை ஊருக்கும் தெரிந்துவிடும். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி, மேப்பை நம்பி வருகிறவருக்குத் தெரிய என்ன வழி?

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாடு முழுக்க உதாரணம் இருக்கு. 2024 நவம்பர் 24, உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றின் பாலத்தில் ஏறிய கார் ஒன்று, பாலம் பாதியில் முடிந்த இடத்தில் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போயிருந்தது. வழிகாட்டி ஆப்பில் அது பதிவாகவில்லை. பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் மீது வழக்கு பதிவானது, அதில் கூகுள் மேப் அதிகாரி என்றும் பெயர் இல்லாமல் சேர்க்கப்பட்டது. 2023 அக்டோபரில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கனமழை இரவில் கார் ஆற்றுக்குள் பாய்ந்து இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். ஆப் காட்டிய வழியில் வந்ததாகத்தான் கூட வந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கையோடு கேரள போலீஸ், மழைக்காலத்தில் மேப்பை எப்படிப் பயன்படுத்தணும் என்று அறிவுரையே வெளியிட்டது. நம்ம ஊரில் 2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது கொஞ்சம் லேசானது: 'சீக்கிர வழி' என்று மேப் சொன்னதைக் கேட்டு வந்த கர்நாடக கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. வீடியோ பார்த்து எல்லாரும் சிரித்தோம், யாருக்கும் அடிபடவில்லை என்பதால்.

'பயனர்கள் ரிப்போர்ட் செய்திருந்தால் தடுத்திருக்கலாமே' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2013-ல் இடிந்த ஒரு சின்னப் பாலம் மேப்பில் அப்படியே இருந்தது. 2022-ல் ஒருவர் ராத்திரி அந்த வழியில் போய் விழுந்து இறந்தார். அந்தப் பகுதிவாசி ஒருவர் ரெண்டு வருடத்துக்கு முன்பே இந்தத் தப்பைத் திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தார் என்று குடும்பத்தார் தொடர்ந்த வழக்கில் சொன்னார்கள். கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். கேட்கிறவர் காதில் விழணும். நிறுவனத்தின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதை 'பயனர்களே, கவனம்' என்று நம்ம தலையில் மட்டும் தள்ளிவிட முடியாது. இன்னொன்று, பரேலி பாலத்தின் முன்னால் நாலு கல்லும் ஒரு தடுப்பும் சரியாக வைத்திருந்தால் எந்த ஆப் என்ன சொன்னாலும் கார் நின்றிருக்கும்.

சிவப்பு தெரியுது, காரணம் தெரியலையே

கூட்டமான ரோட்டில் ஆப் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. 2025 நவம்பர் 11 காலை, அரியலூர் அருகே வாரணவாசியில் சமையல் கேஸ் சிலிண்டர் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் சிதறின. டிரைவர் காயத்தோடு தப்பினார். போலீஸ் ரோட்டை மூடி வண்டிகளைத் திருப்பிவிட்டது. தஞ்சாவூர், திருச்சி பக்கம் போகிற முக்கியமான ரோடு அது. பள்ளி, ஆபீஸ் கிளம்புகிற காலை நேரம் வேறு.

இந்த மாதிரி இடத்தில் வண்டிகள் நின்ற சில நிமிடத்தில் கோடு சிவக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிவப்பு, ரயில்வே கேட் மூடியதால் வருகிற சிவப்பா, டிப்பர் லாரிகள் வரிசை கட்டியதால் வருகிற சிவப்பா, முன்னால் சிலிண்டர் வெடித்துக்கொண்டிருப்பதால் வருகிற சிவப்பா? முதல் ரெண்டுக்கும் பத்து நிமிடம் பொறுத்தால் போதும். மூன்றாவதற்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடணும். வேகத்தை மட்டும் அளக்கிற கணக்கு இந்த மூன்றையும் பிரிக்காது. அங்கே நின்றவர் யாராவது ஒருவர் 'விபத்து' என்று தட்டினால் பிரிக்கும். பின்னால் மூன்று கிலோமீட்டரில் வருகிற ஆம்புலன்ஸ் டிரைவருக்கு, ஸ்கூல் வேன் டிரைவருக்கு அந்த ஒரு தட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆப் சொல்கிற மாற்றுப் பாதைக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பயணம் செய்கிறவர் கொடுப்பதில்லை, அந்தப் பாதையில் குடியிருக்கிறவர் கொடுக்கிறார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊர், நியூயார்க் போகிற வண்டிகளை ஆப்கள் தங்கள் தெருக்களுக்குள் திருப்பிவிடுவதைத் தாங்க முடியாமல் 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களைக் காலை, மாலை நேரத்தில் வெளியாட்களுக்கு மூடியது. நம்ம பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தீபாவளி, பொங்கல் நேரத்தில் விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை டோல்கேட்டில் கூட்டம் சேரும்போது கார்கள் உள்ரோட்டுக்கு இறங்குவதைப் பார்க்கலாம். பெரம்பலூர், குன்னம், செந்துறை பக்கம் அறுவடை நேரத்தில் உள்ரோட்டில் பாதி மக்காச்சோளம் காயும். மீதிப் பாதியில் ஆடு போகும். '6 நிமிடம் மிச்சம்' என்று சொல்லி ஆப் அனுப்பும் காருக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பாட்டி சோளத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது யாருடைய கணக்கிலும் வராது.

சென்னைக்கு இருப்பது அரியலூருக்கும் வரணும்

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்னனுபவம் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், அருண் கணேஷ் போன்ற மேப் ஆர்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட்டால் போதும், நிறம் மாறும். 2,500-க்கும் மேற்பட்ட தெருக்களை மக்கள் அப்படிக் குறித்தார்கள். எந்த அரசு அறிவிப்பும் அந்த வேகத்தில் அந்தத் தகவலைத் தந்திருக்க முடியாது. 2023-ல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 'ரோடு ஈஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மெட்ரோ வேலை, ஊர்வலம், மழை என்று எங்கே ரோட்டை மூடினாலும் போலீசே பதிவு செய்ய, அது கூகுள் மேப்பில் தெரியும்.

இதுதான் மாவட்டங்களுக்கு உடனே வர வேண்டியது என்பது எங்கள் கருத்து. இன்றைக்கு மாவட்டங்களில் தரைப்பாலம் மூடப்பட்ட அறிவிப்பு பெரும்பாலும் பத்திரிகைக் குறிப்பாக வருகிறது. அதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். குரூப்பில் இருக்கிறவர் ஏற்கெனவே ஊர்க்காரர். அவருக்குப் பாலம் போனது தெரியும். தெரிய வேண்டியவர் குரூப்பில் இல்லை. தாசில்தார் அலுவலகத்திலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ தடுப்பு வைக்கிற அதே நேரத்தில் மேப்பிலும் ரோட்டை மூடினால் போதும். அதற்குப் பெரிய பட்ஜெட் தேவை இல்லை, ஒரு பொறுப்பான ஆளும் ஒரு லாகினும் போதும். சென்னையில் ஆயிரம் போன்கள் சேர்ந்து செய்கிற வேலையை செந்துறையில் ஒரே ஒரு கிராம நிர்வாக அலுவலரின் பதிவு செய்துவிடும். கூட்டம் குறைவான இடத்தில்தான் ஒவ்வொரு தகவலுக்கும் மதிப்பு அதிகம். ஆனால் இந்த மாதிரித் திட்டங்கள் எப்பவும் கூட்டம் அதிகமான நகரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. பெரும்பாலும் அங்கேயே நின்றும்விடுகின்றன.

சரி, நாம என்ன செய்யலாம்?

கூகுள் மேப்பில் நேவிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் ரிப்போர்ட் பட்டன் இருக்கும். அதைத் தொட்டால் விபத்து, ரோடு வேலை, நின்றுபோன வண்டி, ரோட்டில் கிடக்கும் பொருள் என்று வகைகள் வரும். பாலமே இல்லை, ரோடே மூடியாச்சு என்றால், வீட்டுக்கு வந்த பிறகு மேப்பில் திருத்தம் சொல்லும் பகுதிக்குப் போய் அந்தச் சாலையைத் தேர்ந்து 'மூடப்பட்டது' என்று தேதியோடு அனுப்பலாம். ஒருவர் அனுப்பினால் தாமதமாகலாம். ஊரில் நாலு பேர் அனுப்பினால் அந்த அளவுக்கு நம்பகமாகும். இந்தியத் தயாரிப்பான மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் ஆப்பிலும் இதே வசதி உண்டு.

இதையெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் செய்யக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத விதத்தில். பைக்கில் தனியாகப் போகிறவர்கள் காதில் இயர்போனை மாட்டி திரையைப் பார்த்துக்கொண்டே போவதைவிட, குரல் வழிகாட்டுதலை தமிழுக்கு மாற்றி ஸ்பீக்கரில் வைக்கலாம். 2018-லிருந்தே தமிழ்க் குரல் இருக்கு. ஊர்ப் பெயர்களை அது உச்சரிக்கிற அழகைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும். டவர் கிடைக்காத இடங்களுக்கு, கிளம்பும் முன்பே அரியலூர், பெரம்பலூர் பகுதி மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்துவைப்பது நல்லது. ஆனால் ஆஃப்லைன் மேப்பில் நேரடி நெரிசலும் எச்சரிக்கையும் வராது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ராத்திரிப் பயணம் என்றால் மேப் காட்டும் குறுக்கு வழியை விட்டுவிட்டு, சுற்றாக இருந்தாலும் பெரம்பலூர் வரை நெடுஞ்சாலையிலேயே வந்து அரியலூர் வழியாக செந்துறைக்குப் போவது உத்தமம். அரை மணி நேரம் கூடுதலாகலாம். உள்ரோட்டில்தான் போயாகணும் என்றால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டுவிட்டுப் போங்கள். எண் 1077. வெளியூரிலிருந்து கூப்பிடும்போது எஸ்.டி.டி. கோடு சேர்க்கணும்: அரியலூருக்கு 04329, பெரம்பலூருக்கு 04328. "வெள்ளாத்துல தண்ணி வந்திருக்கா, தரைப்பாலம் திறந்திருக்கா?" என்ற ரெண்டு கேள்வி போதும்.